இன்னொரு ஒன்பது புள்ளி எட்டு

ஷூ போடாதவர்கள் வெளியே. துப்பட்டாவுக்கு இரண்டு பக்கமும் ஊக்கு. ஜடை முதுகுக்குப் பின்னால். வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி இதெல்லாம் என் வாயிலிருந்து தானாகவே வருகிறது. வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் பாட்டுக்கு வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கலாம், நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், கைப்பையில் கிடக்கிற சாவியை. இந்த இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சாவி. நேற்று சாயங்காலம் தாளாளர் ரத்தினகுமார் கூப்பிட்டு அனுப்பினார். "டீச்சர், நாளைக்கு பிளஸ் ஒன்னுக்கு லேப் இருக்குல்ல, நானே வந்து ஒரு பார்வை பார்த்துக்கிறேன். மத்தியானம் சாவிய ஆபீஸ்ல குடுக்கிற மாதிரி இருக்கும். பார்ப்போம்" என்றார். இருக்கும், பார்ப்போம் என்பது அவர் பாஷை. அவருக்குக் கடலையெண்ணெய் மில் இருக்கிறது, சந்தையில் விலை கேட்கிறவனுக்கும் இதையேதான் சொல்வார். இருக்கும் என்றால் இருக்கிறது, பார்ப்போம் என்றால் பேச்சு முடிந்தது, எழுந்து போ. நீட் பயிற்சி நடத்துகிற ஆட்கள் போன வாரம் வந்து அறை அறையாக டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். அவர்களாவது உண்மையிலேயே அளந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். பள்ளியிலேயே பெரிய அறை இதுதானாம். மேஜைகளைத் தூக்கிவிட்டு ஏசி போட்டால் நூறு பிள்ளைகளுக்கு மேல் உட்காரலாம். இப்போது பத்து மேஜைக்கு இருவர் வீதம் இருபது பேர் நிற்கிறார்கள். கணக்குப் போட்டால் அவர் பக்கம்தான் நியாயம், அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நியாயமில்லாதவரோடு சண்டை போடுவது எவ்வளவு சுலபம். ஜடையை முன்னால் போடாதே என்றதற்கு மூன்றாவது மேஜையில் சிரிப்பு. சிரிக்கட்டும். போன வருஷம் ஒருத்தியின் ஜடை ஸ்டாண்டில் மாட்டி, அவள் திரும்பினதும் ஸ்டாண்டும் கூடவே கிளம்பியது, அன்றைக்கு இவர்கள் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

எதையாவது உடைத்தால் உடனே வந்து சொல்ல வேண்டும், சொன்னால் திட்டு கிடையாது. மறைத்து வைத்து நான் கண்டுபிடித்தால் அப்புறம் வருஷம் முழுக்க வேடிக்கை பார்க்கலாம். ரப்பர் மேஜைமேல் இருக்கக் கூடாது. பென்சில் படம் வரைய மட்டும். அளந்த எண்ணை அளந்த கையோடு பேனாவில் எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு, அடித்த எண் எனக்குப் படிக்கத் தெரிய வேண்டும், கறுப்பாகப் பூசி மெழுகக் கூடாது. ஊசல் குண்டை விடும்போது பூஜ்ஜியம் என்று சொல்லி எண்ண ஆரம்பியுங்கள், போய்த் திரும்பி வந்தால்தான் ஒன்று. எல்லாம் தலையாட்டல். தலையாட்டுவதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடைசிச் சட்டத்துக்கு மட்டும் நான் எப்போதும் ஒரு நிமிஷம் சும்மா நிற்பேன், அப்போதுதான் நிமிர்ந்து பார்ப்பார்கள். "கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை எழுதணும். புக்குல என்ன இருக்கோ அதை இல்ல. விடை தப்பா வந்தா மார்க் குறைக்க மாட்டேன். விடையை வரவழைச்சா பூஜ்ஜியம்." ஆறாவது மேஜையில் ஆன்டோ கையைத் தூக்கினான். தூக்குவான் என்று தெரியும். "மிஸ், தப்பா வந்தா எப்படி மிஸ் மார்க் போடுவீங்க?" என்றான். "ஒழுங்கா அளந்திருந்தா போடுவேன்." "ஒழுங்கா அளந்தா எப்படி மிஸ் தப்பா வரும்?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் கொஞ்சம். நல்ல கேள்வி. "வரும். அளந்து பாரு" என்று சொல்லி அனுப்பினேன். நூலின் நீளத்தையும் இருபது ஆட்டத்துக்கு ஆகிற நேரத்தையும் அளந்து இவர்கள் கண்டுபிடிக்க வேண்டியது புவியீர்ப்பு முடுக்கம், ஒன்பது புள்ளி எட்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இந்தப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அலகோடு சொல்வார்கள். தெரிந்த விடையை எதற்குத் தேட வேண்டும் என்று ஒருத்தர் கேட்டால் நான் என்ன சொல்வேன். பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், மார்க் பயம். தாளாளர் கேட்பார்.

நூல் கட்டுகிறார்கள். பாதிப் பேருக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. பூ தொடுக்கத் தெரிந்த இரண்டு பேர் மேஜை மேஜையாகப் போய் முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள், அதை நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன், அடுத்தவர் மேஜைக்குப் போகக் கூடாது என்பதும் என் சட்டம்தான். ஸ்டாப் கிளாக்கில் ஒன்று டக் டக் என்று கொஞ்சம் நொண்டுகிறது, எந்த மேஜையில் என்று காதால் தேடுகிறேன். மேலே டியூப் லைட் ஒன்று ரீங்காரம். இந்த அறைக்கென்று ஒரு வாசனை உண்டு, உப்புத்தாளும் பழைய செம்புக் கம்பியும் கலந்த வாசனை, கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். ஏசி போட்டால் அது போய்விடும், அறை வாசனைத் திரவம் அடிப்பார்கள். நான் படித்த பெண்கள் பள்ளியில் கருவிகளுக்கு வாசனையே கிடையாது. கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. உள்ளே ஒரு லாட காந்தம், பாதி சிவப்பு, பாதி வெள்ளி. அதிகாரிகள் பார்வையிட வருகிற அன்றைக்கு பீரோவைத் திறந்து, துடைத்து, அவர்கள் போனதும் மறுபடி பூட்டிவிடுவார்கள். செய்முறைத் தேர்வுக்கு அளவுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள், நாங்கள் அழகான கையெழுத்தில் பார்த்து எழுதினோம். முழு மார்க். எனக்கு அந்தக் காந்தத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான் ஆசை, படிப்பின்மேல் ஆசை எல்லாம் அப்போது இல்லை. கல்லூரியில் முதல் தடவை ஒன்றைக் கையில் எடுத்தேன், மேஜையின் இரும்புக் காலில் போய் லபக்கென்று ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுக்க இவ்வளவு பலம் வேண்டுமா என்று அப்படியே நின்றேன். பலம் வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. எவ்வளவு என்று கைக்குத்தான் தெரிந்தது. இதைத் தாளாளரிடம் எப்படிச் சொல்வது. சார், கைக்குத் தெரியணும் சார். அவர் சிரித்துவிட்டு, இருக்கும், பார்ப்போம் என்பார்.

எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அறை முழுக்க எண்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல். ஏழு எட்டு என்கிறது ஒரு குரல், அதற்குள் பதினாலு என்கிறது இன்னொன்று, நடுவில் எங்கோ சந்தையில் கூவுகிற மாதிரி ஒரு பெண் குரல், அது ஆறாவது மேஜைப் பக்கமாக இருக்க வேண்டும். சத்தம் பிடித்திருக்கிறது. சத்தம் இல்லாமல் வேலை நடக்கிறது என்றால் நடக்கவில்லை என்று அர்த்தம். இந்தச் சத்தம் போய் இங்கே நூறு பிள்ளைகள் வாயைத் திறக்காமல் நான்கு விடையில் ஒன்றை டிக் அடிப்பார்கள். எனக்கு வேலை போகாது. சம்பளமும் குறையாது. வீட்டுக்காரர் நேற்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, "விடு குளோரி, நின்னு நின்னு முட்டி தேஞ்சதுதான் மிச்சம், இனி உக்காந்து பாடம் நடத்து" என்றார். நல்லதுக்குத்தான் சொல்கிறார். அந்த நேரத்தில் அவர் தலையில் ரசத்தை ஊற்றலாம் போல இருந்தது. பயமாக இருக்கிறது, அதை அவரிடம் சொல்லவில்லை. கருவிகளை எங்கே வைப்பார்கள். ஒரு பீரோ வாங்குவார்கள். கண்ணாடி பீரோ. பார்வைக்கு அழகாக, வரவேற்பறைக்குப் பக்கத்தில், பெற்றோர் சேர்க்கைக்கு வரும்போது கண்ணில் படுகிற மாதிரி. நான் எங்கே ஆரம்பித்தேனோ அங்கேயே என்னைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், இந்தத் தடவை பீரோவுக்குச் சாவி என் கையில் இருக்கும், அதுதான் வித்தியாசம்.

செருப்புச் சத்தம். அவர்தான். தாளாளர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, காலில் தோல் செருப்பு. ஷூ போடாதவர்கள் வெளியே என்று சொன்ன வாய் இப்போது "வாங்க சார்" என்கிறது. பிள்ளைகளில் இரண்டு பேர் அவர் செருப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர் நேராக முதல் மேஜைக்குப் போனார். அது நிலோஃபரின் மேஜை, வகுப்பில் முதல் வரும் பெண். "எவ்வளவும்மா வந்துச்சு?" என்றார். "ஒன்பது புள்ளி எட்டு சார்." அவள் ஸ்டாண்டில் நூல் இன்னும் சும்மா தொங்குகிறது, மீட்டர் அளவுகோல் சுவரில் சாய்ந்தபடி யாரும் தொடாமல் இருக்கிறது. இரண்டாவது மேஜை, ஒன்பது புள்ளி எட்டு. மூன்றாவதில் ஒன்பது புள்ளி எட்டு ஒன்று என்றார்கள், கெட்டிக்காரர்கள், நம்பும்படியாக ஒரு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். நான்கு. ஐந்து. அவர் முகம் மேஜைக்கு மேஜை மலர்ந்துகொண்டே வருகிறது. "பரவாயில்லையே டீச்சர், எல்லாரும் கரெக்டா கொண்டாந்துட்டாங்களே." எனக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை அப்படியே சொல்ல வேண்டுமானால், சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் முதலில் வந்தது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள். இல்லை, தங்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். எதுவாக இருந்தால் என்ன, இன்னும் ஐந்து மேஜைதான், வாயை மூடிக்கொண்டு நின்றால் சாவி என் பையில் இருக்கும், பிறகு அவர் போனதும் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டுக்கொள்ளலாம். கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஆறாவது மேஜைக்குப் போய்விட்டார்.

அங்கே ஆன்டோவோடு நிற்பது சிவதர்ஷினி. பருப்பு மண்டிக்காரர் மகள், அதிகம் பேச மாட்டாள், பேசினால் பின்வாங்க மாட்டாள். "உனக்கு எவ்வளவும்மா?" "பத்து புள்ளி எட்டு சார்." "ஒன்பதா?" "இல்ல சார், பத்து." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதோ என்று டின்னைப் பார்க்கிற பார்வை. "தப்பாச்சேம்மா." "மூணு தடவை பார்த்துட்டோம் சார். இதான் வருது." ஆன்டோ மேஜைக்கடியில் அவள் ஷூவை மிதித்து, "மாத்திரலாம்ப்பா" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பயமாகக்கூட இல்லை, விசாரிக்கிற மாதிரி. நீங்கள்தானே சொன்னீர்கள், அதற்குள் மாறிவிட்டதா என்று. இன்னொரு தடவை பாரும்மா என்று நான் சொன்னால் போதும். எவ்வளவு சாதுவான வாக்கியம். அதைக் கேட்டதும் அவள் புரிந்துகொள்வாள், வகுப்பே புரிந்துகொள்ளும், அடுத்த தடவை அவளுக்கும் ஒன்பது புள்ளி எட்டு வரும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் வரும். சொல்லலாமா. சாவி. நூறு பிள்ளைகள். கண்ணாடி பீரோ. முட்டி வலிக்கிறது. சிவப்பும் வெள்ளியுமான காந்தம். அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து புள்ளி எட்டு எப்படி வரும், இவ்வளவு தள்ளி எப்படிப் போகும், என்னமோ எங்கேயோ தப்பு செய்திருக்கிறாள், ஆனால் அவள் செய்திருக்கிறாள்.

"அந்தப் பொண்ணுக்குத்தான் சார் முழு மார்க்" என்றேன். என் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. "எது, பத்து எட்டுக்கா?" "ஆமா சார்." "அப்ப ஒன்பது எட்டு கொண்டாந்தவங்களுக்கு?" "அவங்க இன்னும் நூலையே அளக்கல சார்." அறையில் எண்ணிக்கொண்டிருந்த குரல்கள் எல்லாம் நின்றுபோயின. ஆட விட்ட குண்டுகள் மட்டும் யாரும் எண்ணாமல் ஆடிக்கொண்டிருந்தன. நிலோஃபர் தலையைக் குனிந்துகொண்டாள், அவள் காது மடல் சிவந்திருந்தது. தாளாளர் அவசரப்படவில்லை. முதல் மேஜையையும் சுவரில் சாய்ந்திருந்த அளவுகோலையும் பார்த்தார். "அப்ப இம்புட்டுப் பெரிய ரூம்ல நின்னுக்கிட்டு பிள்ளைக பொய் எழுதுதுன்னு சொல்றீங்க." "ஆமா சார்." "அதுக்கு எதுக்கு டீச்சர் ரூமு? பொய்ய உக்காந்துக்கிட்டே எழுதலாமே." கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகக் கேட்டார். ராத்திரி முழுக்க படுக்கையில் புரண்டு புரண்டு அவருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருந்தேன், விஞ்ஞானம் என்றேன், நாட்டின் எதிர்காலம் என்றேன், இந்தக் கேள்வி மட்டும் அதில் வரவே இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பேச்சு தீர்ந்துபோனால் செய்கிற ஒரே காரியம்தான் எனக்கும் தோன்றியது. "சிவதர்ஷினி, குண்ட மறுபடி விடு. சத்தமா எண்ணு, நான் கேக்குறேன்."

அவள் குண்டைப் பிடித்துக் கொஞ்சமாகத்தான் இழுத்தாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. ஆன்டோ கடிகாரத்தை எடுத்துக்கொண்டான். விட்டாள். விட்ட அந்த நிமிஷமே, சந்தையில் கூவுகிற அந்தக் குரலில், "லாபம்" என்றாள். குண்டு போய்த் திரும்பி வந்தது. "ரெண்டு." மறுபடி. "மூணு." தாளாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பள்ளியில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அட, மண்டிப் பிள்ளை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் காதாக இருந்தது. இருபது வரை விட்டேன். கடிகாரம் நின்றது. "நான் விடும்போது என்ன சொல்லச் சொன்னேன்?" என்றேன். "பூஜ்ஜியம் மிஸ்." "ஏன் சொல்லல?" அவள் முதல் தடவையாகத் தயங்கினாள். "எண்ணும்போது அப்படி ஆரம்பிக்கக் கூடாது மிஸ். லீவுக்கு மண்டியில நான்தான் மூட்டை எண்ணுவேன். ஒருவாட்டி விளையாட்டுக்குச் சைபர்னு ஆரம்பிச்சதுக்கு அப்பா வஞ்சிட்டாரு. ஒன்னுக்குப் பதிலா லாபம்னுதான் சொல்லணும்." "சரி, லாபம்னே சொல்லு. மண்டியில எப்ப லாபம்னு சொல்லுவ?" அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தாளாளர் சொன்னார், அவரை யாரும் கேட்கவில்லை. "மொத மூட்டை தரையில விழுந்தப்புறம்தான்." சொல்லிவிட்டு அவரே நின்றார். குண்டைப் பார்த்தார். விரலால் அதைத் தொட்டு நிறுத்தினார், இழுத்தார், விட்டார், அது போய்த் திரும்பி வரும்வரை உதட்டை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார், வந்ததும் மெதுவாக, "லாபம்" என்றார். பிறகு அவளிடம், "லாரியிலயே கிடக்குற மூட்டைக்கு லாபம் சொல்லிட்டியேம்மா. கடைசியில ஒரு மூட்டை குறையுமே" என்றார். சிவதர்ஷினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப நான் பத்தொம்பதுதான் எண்ணியிருக்கேன் மிஸ்." ஆமாம். மூன்று தடவையும் பத்தொன்பது ஆட்டத்தின் நேரத்தை இருபதால் வகுத்திருக்கிறாள், அதனால்தான் பத்து புள்ளி எட்டு. ஒழுங்காக அளந்தால் எப்படி மிஸ் தப்பாக வரும் என்று கேட்டவன் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான்.

அத்தோடு அவர் போயிருந்தால் நான் பிழைத்திருப்பேன். போகவில்லை. திரும்ப முதல் மேஜைக்கு நடந்தார், இந்தத் தடவை அந்தச் செருப்புச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. "நீங்க எந்த மூட்டைய எண்ணுனீங்க?" என்று கேட்டார். நிலோஃபர் நோட்டை மூடிக்கொண்டாள். "தப்பு பண்ணுனவ தப்பைத் தேடிப் பிடிக்கலாம். உங்ககிட்ட என்னத்தைத் தேடுறது?" என்றவர் என் பக்கம் வந்தார். "டீச்சர், என் மில்லுக்கு வர்ற மூட்டை பத்தும் கிராம் பிசகாம ஒரே எடை காட்டுனா, நான் சரக்கைப் பார்க்க மாட்டேன், தராசைத்தான் பார்ப்பேன். நான் கொஞ்சம் ஏமாந்துட்டேன் இங்க." கோபம். எனக்கு ஆதரவான கோபமா எதிரான கோபமா என்று பிடிபடவில்லை, ஏமாந்த வியாபாரியின் கோபம், அது யார்மேல் வேண்டுமானாலும் விழும். "பெல் அடிக்கும்போது வருவேன். நோட்டைக் காட்டணும். இன்னொரு ஒன்பது புள்ளி எட்டு என் கண்ணுல பட்டுச்சுன்னா சாவி எனக்கு வேணும்." போய்விட்டார். இது என்ன நியாயம், சரியான விடை வந்தால் அறை போகும் என்று ஒரு சட்டம் உலகத்தில் எந்தப் பள்ளியிலாவது உண்டா. ஆனால் அந்தச் சட்டத்தைப் பாதி எழுதியவள் நான்தான். பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லலாம் என்று பார்த்தேன், தேவைப்படவில்லை. மேஜை மேஜையாகப் பேனா எடுத்து ஒன்பது புள்ளி எட்டின்மேல் ஒரு கோடு போட்டார்கள். ஒரே கோடு, படிக்கத் தெரிகிற மாதிரி. அளவுகோல்கள் சுவரைவிட்டு வந்தன. எண்ணத் தொடங்கினார்கள், பூஜ்ஜியம் என்று பாதிப் பேர், லாபம் என்று பாதிப் பேர், லாபம் சொன்னவர்கள் குண்டு திரும்பி வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்து சொன்னார்கள்.

அதற்கப்புறம் நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதுதான் இந்த வேலையில் கஷ்டம், கை துறுதுறுக்கும். நூல் சுற்றிக்கொண்டு குண்டு வட்டம் போடுகிறது ஒரு மேஜையில், சொல்லவில்லை, அவர்களே பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். கொக்கிவரை அளந்துவிட்டுக் குண்டின் நடுவை விட்டுவிட்டார்கள் இன்னொன்றில். சிவதர்ஷினிக்கு இந்த முறை ஒன்பது புள்ளி ஆறு. ஆன்டோ லாக் டேபிளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குறையுது மிஸ், எங்க போச்சு?" என்றான், காணாமல் போன சில்லறையைத் தேடுகிற குரலில். தேடட்டும். ஒன்பது புள்ளி ஐந்து என்றார்கள், பத்து புள்ளி ஒன்று என்றார்கள், எனக்கு ஒவ்வொன்றும் காதில் தேனாக விழுந்தது, தப்பான விடைக்கு இவ்வளவு மகிழ்ந்த இயற்பியல் டீச்சர் இருக்க மாட்டாள். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன், எட்டு மேஜை பத்திரம், ஒன்பது மேஜை பத்திரம். நிலோஃபர் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து நின்றாள். "மிஸ்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "என்னம்மா?" "இப்ப நெசமாவே ஒன்பது புள்ளி எட்டு வருது மிஸ்."

வாங்கிப் பார்த்தேன். நூல் அளவு இருக்கிறது. மூன்று தடவை எண்ணியிருக்கிறாள், மூன்று நேரமும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே, அதுவே சொல்கிறது அவள் எண்ணியிருக்கிறாள் என்று. சராசரி சரி. லாக் சரி. நான் வேண்டிக்கொண்டே தேடினேன், ஒரு தப்பு, ஒரு சின்னத் தப்பு, கழித்தலில் ஒரு இலக்கம், எதுவாவது. இல்லை. சுத்தமான வேலை. விடையை மட்டும் எழுதாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள், அதற்கு மேலே கோடு போட்ட பழைய ஒன்பது புள்ளி எட்டு. இன்னொரு தடவை பாரேன்மா என்று நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதே சாதுவான வாக்கியம். அதைச் சொன்னால் அவள் தலையாட்டுவாள், போய் ஒன்பது புள்ளி ஏழு என்று எழுதுவாள், அறை நிற்கும், அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கும் நிற்கும். ஒரே ஒரு இலக்கம். யாருக்கு நஷ்டம். இத்தனை வருஷத்தில் ஒன்பது புள்ளி எட்டு கொண்டுவந்த யாரையாவது இன்னொரு தடவை பார் என்று நான் திருப்பி அனுப்பியிருக்கிறேனா, இல்லை, அப்படியானால் இப்போது எதற்கு அனுப்புகிறேன். வராந்தாவில் அந்தச் செருப்பு. மற்ற மேஜைகள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்கின்றன. சிவதர்ஷினி பார்க்கிறாள், அதே பார்வை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, அறையை நினைத்து. "எழுது" என்றேன். "மிஸ், சார் வந்து..." "எழுதும்மா. பேனாவுல." என் மேஜையிலேயே குனிந்து எழுதினாள், எழுத்து அழகாகத்தான் இருந்தது. நான் பையிலிருந்து சாவியை எடுத்து அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பெல் அடித்தது, அவர் உள்ளே வந்தார். மற்ற நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியாக என் மேஜையில் இருந்ததைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே கோடு போட்ட எண், கீழே கோடு போடாத எண். "இது என்ன, ரெண்டும் ஒன்னுதானே?" என்றார் என்னிடம். நான் பதில் சொல்ல நினைத்தேன், எனக்கு முன்னால் நிலோஃபர் சொன்னாள். "இல்ல சார். மேல இருக்கிறது படிச்சது. கீழ இருக்கிறது பார்த்தது." அவர் அவளைப் பார்த்தார். சாவியை எடுத்தார், எதை எடுத்தாலும் செய்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். பிறகு திரும்ப மேஜைமேலேயே வைத்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார். அதற்கப்புறம் வரவேண்டிய அந்த இன்னொரு வார்த்தைக்காக நான் நின்றேன். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வாசல் தாண்டினார், வராந்தா முழுக்க நடந்தார், படியில் இறங்குகிற சத்தமும் கேட்டது. பார்ப்போம் என்று அவர் சொல்லவே இல்லை. பிள்ளைகளிடம் குண்டுகளை எண்ணிப் பெட்டியில் வைக்கச் சொன்னேன்.